ஹை லைன்: பழி பின்வரிசைக்கு, பிழை முன்வரிசையில்

2025 மே 6 அன்று மிலானின் சான் சிரோ மைதானத்தில் கூடுதல் நேரம் வரை இழுத்த ஆட்டத்தை இண்டர் 4-3 என்று வென்றது. இரண்டு ஆட்டங்களும் சேர்ந்து 7-6. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியோடு பார்சிலோனா ஊர் திரும்பியது. அதற்குப் பிறகு ஒரு தீர்ப்பு ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது: பயிற்சியாளர் ஹன்சி ஃப்ளிக்கின் ஹை லைன்தான் பார்சாவை (பார்சிலோனாவின் செல்லப்பெயர்) கவிழ்த்தது, பாதி மைதானத்தைத் திறந்துபோட்டுவிட்டு டிஃபென்டர்களை நடுக்கோட்டருகே நிறுத்தினால் வேறென்ன நடக்கும் என்று. 7 கோல் வாங்கிய அணியைப் பற்றி அப்படித்தான் பேசுவார்கள், விட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த 7 கோலையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் தீர்ப்பு ஆட்டம் காண்கிறது.

முதல் ஆட்டம் ஏப்ரல் 30, பார்சிலோனாவில், 3-3. ஆட்டம் தொடங்கி அரை நிமிடத்தில் இண்டரின் துராம் குதிகாலால் தட்டிவிட்ட கோல், வலப்பக்கமிருந்து டம்ஃப்ரீஸ் கொடுத்த கிராஸில் வந்தது. டம்ஃப்ரீஸ் போட்ட இரண்டு கோல்களும் கார்னர் கிக்கில் வந்தவை. கார்னரின்போது எந்த அணிக்கும் ஹை லைன் கிடையாது, எல்லோரும் பெனால்டி பெட்டிக்குள்தான் நிற்பார்கள். இரண்டாம் ஆட்டத்தில் ஒன்று பெனால்டி. 93ஆவது நிமிடத்தில் அசெர்பி அடித்த சமன் கோல் பெட்டிக்குள் வந்த கிராஸ், 99ஆவது நிமிடத்தில் ஃப்ராட்டேசி அடித்தது பெட்டிக்குள் தாரேமி தட்டிக்கொடுத்த பந்து. மேலே ஏறி நின்ற கோட்டுக்குப் பின்னாலுள்ள வெற்றிடத்தில் ஆள் ஓடி வந்த கோல் என்று தயங்காமல் சொல்லக்கூடியது ஒன்றுதான்: 21ஆவது நிமிடத்தில் லௌதாரோ மார்ட்டினெஸ் போட்டது. மறுபக்கம், முதல் ஆட்டத்தில் 3-3 ஆன பிறகு மிகிதார்யான் வலைக்குள் தள்ளிய பந்து மயிரிழை ஆஃப்சைடில் செல்லாமல் போனது. பந்து அடிக்கப்படும் கணத்தில் எதிரணியின் கடைசி டிஃபென்டரைத் தாண்டி நிற்பவர் அதை வாங்கினால் செல்லாது, அதுதான் ஆஃப்சைடு. அன்று கோல் கணக்கு 3-4 ஆகாமல் காத்தது இதே கோடு.

ஆகவே ஹை லைன் ஆபத்தில்லாதது என்று சொல்ல வரவில்லை. ஆபத்து நிறையவே இருக்கிறது. அது கோடு எத்தனை மீட்டர் ஏறி நிற்கிறது என்பதில் இல்லை, பந்தை வைத்திருப்பவருக்கு எதிரில் யார் நிற்கிறார் என்பதில் இருக்கிறது. தொலைக்காட்சி காட்டுவது கடைசிப் படத்தை மட்டும்: தனியாக ஓடும் ஸ்ட்ரைக்கர், பின்னால் துரத்தும் சென்டர்பேக், அதாவது நடுவில் நிற்கும் டிஃபென்டர். பிழை நடந்த இடம் அந்தப் படத்துக்கு 3 நொடி முன்னால், 40 மீட்டர் தள்ளி இருக்கும்.

கோடு ஏறினால் கிடைப்பது

மைதானத்தின் நீளம் 105 மீட்டர், அகலம் 68. கடைசி டிஃபென்டருக்கும் முன்வரிசை ஸ்ட்ரைக்கருக்கும் இடையே 50 மீட்டர் இருந்தால் 10 ஆட்டக்காரர்கள் 3,400 சதுர மீட்டரைக் காக்க வேண்டும். அதை 25 மீட்டராகச் சுருக்கினால் 1,700. ஒருவர் பங்கு 340லிருந்து 170 ஆகிறது. எதிரணி மிட்ஃபீல்டர் பந்தை வாங்கித் திரும்புவதற்குள் 2 பேர் அவர் மேல் விழுந்துவிட முடிகிறது. 1980களின் இறுதியில் ஏசி மிலானில் அரிகோ சாக்கி விடாப்பிடியாகக் கேட்டது இந்த 25 மீட்டரைத்தான். டசோட்டி, கோஸ்டகுர்டா, பரேசி, மால்தினி நால்வரும் ஒரே அசைவில் ஏறி இறங்கினார்கள். 1989 ஏப்ரல் 19 அன்று ரியல் மாட்ரிட்டை 5-0 என்று சாய்த்த அணி அது. அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளையும் வென்றது.

இன்னொரு லாபம் கண்ணுக்கு எளிதில் படாது. பந்து பறிகொடுக்கப்பட்டதும் திரும்பப் பிடிக்கும் இடம் எதிரணியின் கோலுக்கு 30, 40 மீட்டரில் அமைகிறது. அங்கிருந்து கோலுக்கு 2 பாஸ் போதும். தன் பெட்டியருகே பந்தைப் பிடிக்கும் அணி 80 மீட்டர் கடக்க வேண்டும். 2024-25 பருவத்தில் பார்சிலோனா ஸ்பானிய லீக்கான லா லிகாவில் 102 கோல் போட்டு, 39 வாங்கி, 88 புள்ளியோடு பட்டம் வென்றது. அந்த 102ல் கணிசமான பங்கு ஏறி நின்ற டிஃபென்டர்களுக்குச் சேர வேண்டியது என்பது என் உறுதியான எண்ணம். கோல் பட்டியலில் அவர்கள் பெயர் வராது, அவ்வளவுதான்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். கோடு தன் கோலிலிருந்து 40 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரணி மிட்ஃபீல்டர் 40 மீட்டர் பந்து ஒன்றைத் தூக்கிவிடுகிறார். பந்து விழ சுமார் 2 நொடி. ஏற்கெனவே வேகமெடுத்துவிட்ட ஸ்ட்ரைக்கர் நொடிக்கு 8 மீட்டர் கணக்கில் 16 மீட்டர் ஓடிவிடுவார். முன்னோக்கி நின்றுகொண்டிருக்கும் டிஃபென்டர் முதலில் உடலைத் திருப்ப வேண்டும், பிறகு நின்ற நிலையிலிருந்து வேகமெடுக்க வேண்டும். அதே 2 நொடியில் அவரால் 10 மீட்டர் ஓட முடிந்தால் பெரிய விஷயம். இடைவெளி 6 மீட்டர். உலகின் அதிவேக சென்டர்பேக்கைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. ‘வேகமான டிஃபென்டர் இருந்தால் ஹை லைன் ஆடலாம்’ என்ற பேச்சு அரைகுறையாகவே சரியாவது இதனால்தான். வேகம் ஒரு தவறை மன்னிக்கும். எல்லாத் தவறையும் மன்னிக்காது.

அரை நொடி

அப்படியானால் இந்தக் கணக்கை முறியடிப்பது எது? 2024 அக்டோபர் 26, ரியல் மாட்ரிட்டின் பெர்னபெயு மைதானத்தில் நடந்த எல் கிளாசிகோவில், அதாவது மாட்ரிட் - பார்சிலோனா மோதலில், விடை இருக்கிறது. பார்சிலோனா 4-0 என்று வென்றது. ரியல் மாட்ரிட் 12 முறை ஆஃப்சைடு, அதில் எம்பாப்பே மட்டும் 8 முறை. அவர் வலைக்குள் அடித்த 2 பந்துகள் செல்லவில்லை. எம்பாப்பேவுக்கு ஓடத் தெரியவில்லை, ஆஃப்சைடு புரியவில்லை என்று மறுநாள் பலர் எழுதினார்கள். அது அநியாயம். அவர் ஓடிய ஓட்டம் அத்தனை வருடம் அவருக்குச் சோறு போட்ட அதே ஓட்டம்தான். மாறியது அவருக்குப் பந்து கொடுத்தவர்களின் நேரம்.

ஸ்ட்ரைக்கர் கிளம்புவது பாஸ் கொடுப்பவரின் உடலைப் பார்த்து. அவர் நிமிர்ந்து, கால் பின்னால் போகும்போது இவர் கிளம்புகிறார். அந்தக் கணத்தில் பார்சாவின் பெட்ரியோ கசாடோவோ ரஃபின்யாவோ பாஸ் கொடுப்பவர் மேல் பாய்ந்தால், அவர் பந்தை ஒரு தட்டு நகர்த்தி, பிறகுதான் அடிக்க முடியும். அரை நொடி தாமதம். ஸ்ட்ரைக்கர் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் இருந்தால் அரை நொடி என்பது மூன்றரை மீட்டர். நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம்கூட 70 சென்டிமீட்டர். விஏஆர் (காணொளி நடுவர்) கோடு போட்டால் 70 சென்டிமீட்டர் என்பது பெரிய இடைவெளி. அந்தப் பருவத்தில்தான் லா லிகாவுக்குப் பாதித்தானியங்கி ஆஃப்சைடு முறையும் வந்தது. துணை நடுவரின் கண்ணுக்குத் தப்பியதெல்லாம் இப்போது கேமராவுக்குத் தப்பாது. ஹை லைன் ஆடும் பயிற்சியாளருக்கு இது பெரும் துணை. பத்தாண்டுகளுக்கு முன் இருந்திருந்தால் எம்பாப்பேயின் அந்த 8ல் ஒன்றிரண்டு கொடி தூக்கப்படாமல் போயிருக்கலாம்.

அந்த ஆட்டத்திலேயே எதிர்ப்பக்கப் பாடமும் இருக்கிறது. 54ஆவது நிமிடத்தில் முதல் கோல். கசாடோ நடுவில் பந்தை வாங்கித் தலை நிமிர்ந்தார், அவர் எதிரே நெருக்க ஆளில்லை. லெவாண்டோவ்ஸ்கி கிளம்பினார். மாட்ரிட்டின் மூவர் ஏறி நின்றார்கள், இடதுபுற ஃபுல்பேக் (ஓரத்து டிஃபென்டர்) ஃபெர்லாண்ட் மெண்டி மட்டும் பின்தங்கி நின்றார். லெவாண்டோவ்ஸ்கி ஆன்சைடு, எதிரே கோல்கீப்பர் லுனின் மட்டும். ஒரே ஆட்டத்தில் ஒரே விதி ஒரு அணிக்கு 12 முறை கைகொடுத்தது, மற்ற அணியை ஒரு நொடியில் கவிழ்த்தது. கபடியில் கைகோத்து நிற்கும் சங்கிலியில் ஒருவர் கை நழுவினால் மற்றவர்களின் பிடி எவ்வளவு இறுக்கமாக இருந்தும் பயனில்லை அல்லவா, அதுபோல.

21ஆவது நிமிடம்

இனி சான் சிரோவில் லௌதாரோ போட்ட கோலுக்கு வருவோம். அந்த அரையிறுதியைப் பற்றிப் பேசுபவர்கள் அசெர்பியின் 93ஆவது நிமிடத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை ஹை லைனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் 21ஆவது நிமிடத்தில்தான் இருக்கிறது.

பந்து பார்சிலோனாவிடம் இருக்கிறது. மைதானத்தின் நடுப்பகுதியில் டானி ஓல்மோவின் காலடியிலிருந்து ஃபெடரிக்கோ டிமார்க்கோ பந்தைப் பறிக்கிறார். பறித்த கையோடு முன்னால் தள்ளிவிடுகிறார். மறுபக்கமிருந்து டம்ஃப்ரீஸ் ஓடி வருகிறார், ஆன்சைடு. பின்னால் திறந்த வெளி. பார்சா கோல்கீப்பர் ஷெஸ்னி நெருங்கும்போது சுயநலமில்லாமல் பக்கத்தில் தட்டிவிடுகிறார், லௌதாரோ காலியான வலைக்குள் தள்ளுகிறார். பறிப்பிலிருந்து கோல் வரை சில நொடிகள்.

இதில் டிஃபென்டர்கள் செய்த தவறு என்ன? பந்து தன் அணியிடம் இருக்கும்போது ஃபுல்பேக்குகள் ஏறியிருப்பார்கள், சென்டர்பேக்குகள் விலகி நின்று பாஸுக்கு வழி திறந்திருப்பார்கள். அது தாக்குதல் வடிவம். பந்து கைமாறும் அந்த ஒரு கணத்தில் அணி கோடாகவே இல்லை, சிதறிய புள்ளிகளாக இருக்கிறது. ஆஃப்சைடுக்காக ஏறலாம் என்றால், ஏறுவதற்கு நால்வரும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இறங்கலாம் என்றால், பந்து ஏற்கெனவே கிளம்பிவிட்டது. டிமார்க்கோவுக்கு இரண்டாவது தட்டு தேவைப்பட்டிருந்தால் எல்லாமே வேறாகியிருக்கும். அந்த இரண்டாவது தட்டை வலிந்து வாங்கித் தருவதுதான் அருகிலிருக்கும் பார்சா மிட்ஃபீல்டரின் வேலை. பந்தை இழந்த 2 நொடிக்குள் இழந்தவரோ பக்கத்திலிருப்பவரோ பறித்தவரின் மேல் விழ வேண்டும். பந்தைப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, அவரை முன்னோக்கிப் பார்க்க விடக்கூடாது. அது நடக்காத அந்த ஒருமுறை இண்டருக்குப் போதுமாக இருந்தது.

இண்டர் இதைத் தற்செயலாகச் செய்யவில்லை. சிமோனே இன்சாகியின் அணி 3-5-2 வடிவத்தில் ஆடியது. ஓரங்களில் ஏறி இறங்கும் இரு விங்பேக்குகளும் தூரத்திலிருந்து, கோட்டுக்குக் கீழிருந்து ஓடி வருபவர்கள். ஸ்ட்ரைக்கர் டிஃபென்டரின் தோளோடு ஒட்டி நிற்கிறார், அவரை ஆஃப்சைடில் சிக்கவைக்கலாம். 15 மீட்டர் பின்னாலிருந்து முழு வேகத்தில் வருபவரைச் சிக்கவைப்பது மிகக் கடினம், ஏனென்றால் பந்து கிளம்பும்போது அவர் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறார், பந்து விழும்போது அந்தப் பக்கம் இருக்கிறார். துராமும் லௌதாரோவும் சென்டர்பேக்குகளின் கண்ணைக் கட்டிவைக்க, டம்ஃப்ரீஸ் ஓடினார். அன்று பார்சாவின் வழக்கமான ஃபுல்பேக்குகள் குண்டேயும் பால்டேயும் காயத்தில் இருந்தார்கள், டம்ஃப்ரீஸ் ஓடிய பக்கத்தில் ஜெரார்ட் மார்ட்டின். இதைச் சொல்வது அவர் மேல் பழிபோட அல்ல. ஹை லைனில் மாற்று ஆட்டக்காரர் என்பவர் வெறும் மாற்று ஆள் இல்லை, நால்வர் மாதக்கணக்கில் பழகிய ஒரு தாளத்துக்குள் புதிதாக நுழைபவர் என்பதற்காகச் சொல்கிறேன்.

கோடு எப்போது ஏறும், எப்போது இறங்கும்

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஹை லைன் என்றால் ஓரிடத்தில் பிடிவாதமாக நிற்பது என்று தோன்றும். நன்றாக ஆடும் அணியின் கோடு ஒரு நிமிடத்தில் பத்துப் பதினைந்து முறை நகரும். நகர்த்துவது பந்து அல்ல, பந்தை வைத்திருப்பவரின் உடல். அவர் தன் கோலைப் பார்த்தபடி நின்றால், பந்தைப் பின்னோக்கி அனுப்பினால், முதல் தொடுகை தவறிப் பந்து விலகினால், அது ஏற வேண்டிய நேரம்: 3லிருந்து 5 மீட்டர், நால்வரும் ஒன்றாக, பந்து பயணத்தில் இருக்கும்போதே. அது அடுத்த காலில் போய்ச் சேர்ந்த பிறகு ஏறினால் தாமதம். அவர் முன்னோக்கித் திரும்பி, நெருக்குதல் இல்லாமல், கண் நிமிர்ந்து, கால் பின்னால் போகிறது என்றால் உடனே இறங்க வேண்டும். பாஸ் வந்த பிறகு இறங்கினால் முன்னே பார்த்த அந்த 6 மீட்டர் இடைவெளி வரும். பாஸ் வருவதற்கு முன்பே 3 அடி இறங்கியிருந்தால் உடல் திரும்பியிருக்கும், வேகமும் எடுத்திருக்கும், இடைவெளி வராது. இறங்கும்போது ஒருவரோடொருவர் நெருங்கிக்கொண்டு இறங்க வேண்டும், பெட்டியின் விளிம்பில் நின்றுவிட வேண்டும். அதற்கும் கீழே போனால் கோல்கீப்பருக்கு இடமில்லாமல் போகும்.

நிற்கும் விதமும் முக்கியம். இரு பாதமும் பந்தைப் பார்த்து நேராக நிற்பவர் திரும்புவதற்கே முக்கால் நொடி செலவழிப்பார். ஒரு கால் பின்னால், இடுப்பு பாதி திரும்பி, ஒரு கண் பந்திலும் ஒரு கண் தன்னைக் கடந்து ஓடக்கூடியவரிடமும் வைத்து நிற்க வேண்டும். பக்கத்திலிருப்பவரோடு இடைவெளி 8லிருந்து 12 மீட்டர். பந்து ஒரு ஓரத்துக்குப் போனால் தூரத்து ஃபுல்பேக் உள்ளே வர வேண்டும். அவர்தான் பெரும்பாலும் கோட்டைக் கெடுப்பவர், ஏனென்றால் பந்து வெகுதூரத்தில் இருக்கிறது என்ற நினைப்பில் ஓரிரு அடி பின்னால் தங்கிவிடுவார். மெண்டி நின்ற நிலை அதுதான்.

யாராவது ஒருவர் குரல் கொடுக்க வேண்டும். ஏறு, நில், இறங்கு என்ற மூன்று சொல் போதும், ஆனால் சொல்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும். 2024-25ல் பார்சிலோனாவுக்கு அவர் இனிகோ மார்ட்டினெஸ். அவர் பெரிய வேகக்காரர் அல்ல. பதின்ம வயதிலிருந்த குபார்ஸி பக்கத்தில் அந்தப் பருவம் முழுக்க அவ்வளவு தைரியமாக ஏறி நின்றதற்கு அந்தக் குரல் பெரிய காரணம்.

பயிற்சியில் இதை உருவாக்க அதிகம் தேவையில்லை. பாதி மைதானம், நான்கு டிஃபென்டர், ஒரு கோல்கீப்பர், நடுக்கோட்டருகே பந்தோடு ஒருவர். அவர் முதுகைக் காட்டினால் கோடு ஏறும், திரும்பினால் இறங்கும். 10 நிமிடம் இதையே செய்யலாம், பந்தை அடிக்கவே வேண்டாம். அடுத்து இரண்டு ஸ்ட்ரைக்கரைச் சேர்த்து உண்மையாகவே பந்து விடச் சொல்லலாம். மூன்றாவது கட்டம்தான் உயிர்நாடி: பந்து வைத்திருப்பவரை நெருக்க ஒருவரை விட வேண்டும், சிலமுறை அவர் போவார், சிலமுறை போகமாட்டார். டிஃபென்டர்கள் ஸ்ட்ரைக்கரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த நெருக்குபவரைப் பார்க்கத் தொடங்கும் நாளில்தான் கோடு உருவாகிறது. இந்த மூன்றாவது கட்டத்தைத் தவிர்க்கும் அணிகள் சனிக்கிழமை ஆட்டத்தில் 4 கோல் வாங்குவதில் வியப்பில்லை.

விதிப்புத்தகத்திலும் சில ஓட்டைகள் இருக்கின்றன, அவற்றை மறந்துபோகிறவர்கள் ஏராளம். த்ரோ-இன், கோல் கிக், கார்னர் மூன்றிலும் நேரடியாக வாங்கினால் ஆஃப்சைடு இல்லை. எனவே எதிரணி கோல்கீப்பர் கோல் கிக் எடுக்கும்போது ஏறி நிற்பதில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. தன் பாதியில் நிற்பவர் ஆஃப்சைடு ஆகமாட்டார் என்பதால் கோடு நடுக்கோட்டைத் தாண்டினால் அது வெறும் ஓட்டப் பந்தயம். பந்து அடிக்கப்பட்ட கணத்தில் பார்க்கப்படுவது கையையும் தோளுக்குக் கீழான புயத்தையும் தவிர்த்த உடல். டிஃபென்டர் வேண்டுமென்றே பந்தை ஆடித் தவறவிட்டால் ஆஃப்சைடு கலைந்துவிடும். மேலே பட்டுத் தெறித்தால் கலையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, விஏஆர் இருக்கும் ஆட்டத்தில் துணை நடுவர் கொடியைத் தாமதித்தே தூக்குவார். கையை உயர்த்திக்கொண்டு நின்றுவிடும் டிஃபென்டர் தன் அணிக்குத் துரோகம் செய்கிறார். ஆட்டம் முடியும் வரை ஓடத்தான் வேண்டும், அது 12 முறை வீண் ஓட்டமாக இருந்தாலும்.

கோட்டுக்குப் பின்னால் நிற்கும் தனியாள்

ஹை லைனில் கோல்கீப்பர் 11ஆவது ஆட்டக்காரர் அல்ல, 5ஆவது டிஃபென்டர். 2014 ஜூன் 30, போர்ட்டோ அலெக்ரேவில் ஜெர்மனியும் அல்ஜீரியாவும் மோதிய உலகக்கோப்பை ஆட்டத்தில் மானுவல் நாயர் பெட்டிக்கு வெளியே வந்து வந்து பந்தைத் தட்டினாரே, அது அழகுக்காக அல்ல. மெதுவான மெர்ட்டசாக்கர் நடுவில், கோடோ மேலே, அல்ஜீரியாவின் ஸ்லிமானியோ வேகக்காரர். நாயர் ஓடி வராமல் இருந்திருந்தால் ஜெர்மனி அந்தக் கோப்பையை வென்றிருக்காது. கூடுதல் நேரத்தில் 2-1 என்று தப்பியது.

தயங்கும் கோல்கீப்பர் கேடு, கண்மூடித்தனமாக ஓடி வருபவரும் கேடு. 2025 ஜனவரி 12, ஜெட்டாவில் நடந்த ஸ்பானிய சூப்பர் கோப்பை இறுதியில் பார்சா 5-1 முன்னிலையில் இருந்தபோது பெட்டிக்கு வெளியே எம்பாப்பேயை வீழ்த்தி ஷெஸ்னி சிவப்பு அட்டை வாங்கினார். ஆட்டம் 5-2 என்று முடிந்ததால் யாருக்கும் வலிக்கவில்லை. 9 நாள் கழித்து லிஸ்பனில் பென்ஃபிகாவுக்கு எதிராக வெளியே ஓடி வந்து சொந்த ஃபுல்பேக் பால்டேயோடு மோதி விழுந்தார், பவ்லிதிஸ் காலியான கோலில் தட்டினார். பார்சா 5-4 என்று வென்றது வேறு கதை. இரண்டிலும் கிடைத்த நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. கோல்கீப்பர் ‘நான்’ என்று கத்துகிறாரா, டிஃபென்டர் அதைக் கேட்டு விலகுகிறாரா என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. கடைசி ஆள் சிவப்பு அட்டை வாங்கும் வாய்ப்பும் இந்த முறையில் கூடுதல். அதே பென்ஃபிகாவுக்கு எதிராக மார்ச் 5 அன்று 22ஆவது நிமிடத்தில் வெளியேறியவர் குபார்ஸி. 10 பேரோடு 1-0 என்று வென்றதற்கு ஷெஸ்னியின் கைகள்தான் காரணம்.

நெருக்க ஆளில்லாதபோது

2023 நவம்பர் 6, டாட்டன்ஹாம் - செல்ஸி ஆட்டம் இந்த விவாதத்தில் எப்போதும் இழுக்கப்படும். ரொமேரோ, உடோகி இருவரும் சிவப்பு அட்டை வாங்கிய பிறகும் டாட்டன்ஹாம் பயிற்சியாளர் ஆஞ்சி போஸ்டெகோக்லூ 9 பேரை நடுக்கோட்டருகே நிறுத்தினார். பலர் அதை வீரம் என்றார்கள், பலர் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். 55ஆவது நிமிடத்திலிருந்து 75 வரை அந்தக் கோடு தாங்கியது உண்மை. தாங்கியதற்குக் காரணம் செல்ஸியின் பொறுமையின்மை. ஸ்ட்ரைக்கர்கள் சீக்கிரமே கிளம்பினார்கள், பந்து நேராக விடப்பட்டது, கோல்கீப்பர் விகாரியோ வெளியே வந்து துடைத்தார். ஸ்டெர்லிங் பின்னாலிருந்து ஓடத் தொடங்கியதும் 75ஆவது நிமிடத்தில் நிக்கோலஸ் ஜாக்சனுக்குக் காலியான கோல் கிடைத்தது. கூடுதல் நிமிடங்களில் அவரே இன்னும் இரண்டு போட்டார், 1-4. 9 பேரில் பந்தை நெருக்க யாரும் மிச்சமில்லை. நெருக்குதல் இல்லாத ஹை லைனைப் பாராட்ட என்னால் முடியவில்லை, அந்த மைதானம் எழுந்து நின்று கைதட்டியிருந்தாலும்.

அதற்கு நேரெதிர் 2022 நவம்பர் 22, லுசைல். அர்ஜென்டினாவை 2-1 என்று வீழ்த்திய சவுதி அரேபியா. முதல் பாதியில் மட்டும் 7 ஆஃப்சைடு, 3 கோல்கள் செல்லவில்லை, அதில் லௌதாரோவின் ஒன்று தோளளவு வித்தியாசம். சவுதி பயிற்சியாளர் ஹெர்வே ரெனார் 11 பேரையும் குறுகிய பட்டைக்குள் அடைத்து, பந்து வாங்கும் மிட்ஃபீல்டரின் முதுகில் ஆளை ஒட்டவைத்தார். இரண்டாம் பாதியில் 48, 53ஆவது நிமிடங்களில் இரண்டு கோல் விழுந்த பிறகு அவர்களே மெல்லக் கீழிறங்கினார்கள். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். கால் ஓய்ந்துவிட்டது, நெருக்க முடியவில்லை, எனவே கோடும் இறங்கியது. அது நேர்மையான முடிவு.

சான் சிரோவின் கடைசி நிமிடங்களிலும் இதே கேள்விதான் இருந்தது. 87ஆவது நிமிடத்தில் ரஃபின்யா 3-2 ஆக்கினார். அதன் பிறகும் பார்சா முன்னேறியது, 92ஆவது நிமிடத்தில் யமால் அடித்த பந்து கம்பத்தில் பட்டது. அடுத்த நிமிடம் அசெர்பி. எல்லோரும் அப்போது இறங்கியிருக்க வேண்டும் என்கிறார்கள். கோட்டை 20 மீட்டர் இறக்கி இண்டரின் கிராஸ்களைப் பெட்டிக்குள் வரவேற்றிருந்தால் உயரமான அந்த அணிக்கு அது விருந்தாகியிருக்கும் என்றே நினைக்கிறேன். தேவைப்பட்டது ஓரங்களில் கிராஸ் அடிப்பவரின் எதிரே புதிய கால்கள். டிஃபென்டரை மாற்றும் முன் விங்கரை மாற்ற வேண்டும் என்பது ஹை லைன் ஆடும் அணிக்குப் பொதுவாகவே பொருந்தும். 70ஆவது நிமிடத்துக்குப் பிறகு முதலில் ஓய்வது நெருக்குபவரின் கால்தான்.

அடுத்த பருவம் இதை இன்னும் வெளிப்படையாகக் காட்டியது. 2025 ஆகஸ்டில் இனிகோ மார்ட்டினெஸ் அல் நஸ்ருக்குப் போனார். செப்டம்பர் இறுதியில் ரஃபின்யா தொடைத் தசைக் காயத்தோடு வெளியேறினார். அக்டோபர் 5 அன்று செவியாவிடம் 4-1 தோல்வி. நவம்பர் 5 அன்று ப்ரூஜ் நகரில் 3-3, கார்லோஸ் ஃபோர்ப்ஸ் கோட்டுக்குப் பின்னால் புகுந்து புகுந்து இரண்டு கோல் போட்டார், மீதி ஒன்றுக்கும் அவரே வழி செய்தார். மறுபடியும் எல்லோரும் கோட்டின் உயரத்தைப் பற்றிப் பேசினார்கள். கோடு முந்தைய பருவத்தில் நின்ற இடத்தில்தான் நின்றது. குரல் கொடுத்தவரும் இல்லை, முன்னாலிருந்து முதல் ஆளாகப் பாய்ந்தவரும் இல்லை.